தண்டவாளம் போயிற்று, சரிவு மிஞ்சிற்று

தருமபுரியிலிருந்து ஓசூர் வரை சைக்கிள் மிதித்து வர ஒருவருக்கு எத்தனை கிராம் ராகி வேண்டும்? விளையாட்டுக் கேள்வி என்று எண்ணிவிடாதீர்கள். ஒன்பதாம் வகுப்பு இயற்பியலும் ஒரு துண்டுக் காகிதமும் இருந்தால் இதற்கு விடை கண்டுவிடலாம். விடை காணும் வழியில் ஒரு பஞ்சத்தையும், காணாமற்போன ஓர் இரயில் பாதையையும், நம் நாட்டைச் சைக்கிளில் அளந்த ஒரு தம்பதியையும் சந்திப்போம்.

தளி என்னும் ஊரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஓசூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். கருநாடக எல்லை கூப்பிடு தூரம். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் கோடையிலும் காலைக் குளிர் உண்டு. ஆங்கிலேயர் இதைச் 'சின்ன இங்கிலாந்து' என்று அழைத்ததாகச் சொல்வார்கள். அந்தத் தளியில் உங்கள் அக்காவும் மாமாவும் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் ஆளுக்கொரு சைக்கிள். தருமபுரிக்கு ஒரு கலியாணத்துக்குப் போனவர்கள், திரும்பும்போது பஸ்ஸில் ஏறாமல் மிதித்தே வருவது என்று முடிவு செய்கிறார்கள். ஓசூர் வரை முதல் நாள். தளிக்கு மீதி 25 கிலோமீட்டர் மறுநாள் காலைக்கு.

தருமபுரிக்கும் ஓசூருக்கும் உயர வேறுபாடு ஏறக்குறைய 400 மீட்டர். இருபது மாடிக் கட்டடங்கள் ஆறேழை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வரும் உயரம் இது. இவ்வளவையும் சைக்கிளில் ஏறுவதா என்று மலைக்கிறீர்களா? எவ்வளவு உயரம் என்பதைவிட, அந்த உயரம் எத்தனை தூரத்தில் பரவியிருக்கிறது என்பதே முக்கியம். இதை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள் இரயில் பாதை போட்ட பொறியாளர்கள்.

பஞ்சம் போட்ட பாதை

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டியது ஒரு கொடும் பஞ்சம். நம் பாட்டிமார் வாயில் அது 'தாது வருடப் பஞ்சம்'. இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் அன்று சேலம் மாவட்டத்தின் பகுதிகள். அங்கும் சாவு மிகுதி. தானியம் எங்குமே இல்லை என்பதல்ல. இருந்த தானியத்தை வாங்கப் பலரிடம் காசில்லை. வந்து இறங்கிய தானியத்தையும் உள்ளூர்களுக்குக் கொண்டு சேர்ப்பது பெரும்பாடு.

ஏன் பெரும்பாடு? இங்கே இயற்பியல் வருகிறது. மண்சாலையில் உருளும் மாட்டு வண்டியை நகர்த்த, அதன் எடையில் சுமார் இருபதில் ஒரு பங்கு விசை வேண்டும். ஒரு டன் சுமைக்கு 490 நியூட்டன். மணலும் சேறும் வந்தால் இன்னும் கூடும். மாடு இழுக்க வேண்டுமானால் மாடு தின்ன வேண்டும். பஞ்சத்தில் வைக்கோல் ஏது? வழியில் தீவனம் இல்லாவிட்டால், வண்டி தன் சுமையிலேயே மாட்டுக்கும் தீனி ஏற்றிச் செல்ல வேண்டும். தூரம் கூடக் கூட, போய்ச்சேரும் தானியம் குறையும்.

அதே ஒரு டன்னை எஃகுச் சக்கரத்தின் மேல் வைத்து எஃகுத் தண்டவாளத்தில் உருட்டுங்கள். எடையில் ஐந்நூறில் ஒரு பங்கு, அதாவது 20 நியூட்டன் போதும். இருபத்தைந்தில் ஒரு பங்கு உழைப்பு! எஃகின் மேல் எஃகு அழுந்தும்போது இரண்டும் மிகச் சிறிதளவே நசுங்குகின்றன. நசுங்கி மீள்வதில்தான் உருளும் சக்கரம் ஆற்றலை இழக்கிறது. மண்ணோ நசுங்கினால் மீள்வதேயில்லை. தடம் பதிந்து அப்படியே கிடக்கிறது. வண்டித் தடத்தின் ஆழம் மாடு செலவிட்ட ஆற்றலின் கணக்கேடு என்று சொல்லலாம்.

பஞ்சத்துக்குப்பின் அமைந்த பஞ்ச ஆணையம் 1880இல் அறிக்கை தந்தது. பஞ்சம் தாக்கும் வட்டாரங்களுக்குப் 'பாதுகாப்பு இரயில் பாதைகள்' போடவேண்டும் என்பது அதன் முக்கியமான பரிந்துரைகளுள் ஒன்று. நம் பகுதிக்கு அது வந்துசேர மேலும் கால் நூற்றாண்டு ஆயிற்று. 1905இல் திருப்பத்தூர்–கிருஷ்ணகிரிப் பாதை. 1906இல் மொரப்பூர்–தருமபுரிப் பாதை. அது 1913இல் பாலக்கோடு, இராயக்கோட்டை வழியாக ஓசூர் வரை நீண்டது. எல்லாம் இரண்டரை அடி, அதாவது 762 மில்லிமீட்டர் அகலமுள்ள குறுகிய பாதைகள்.

ஏன் குறுகிய பாதை? செலவு குறைவு என்பது ஒரு காரணம். இன்னொன்று வளைவு. இரயில் பெட்டியின் இரு சக்கரங்களும் ஒரே அச்சில் இறுக்கப்பட்டவை. இரண்டும் ஒன்றாகவே சுழலும். ஆனால் வளைவில் வெளிச் சக்கரம் உள்சக்கரத்தைவிட அதிகத் தூரம் போயாக வேண்டும். செங்கோண வளைவு ஒன்றில் அந்த வேறுபாடு, பாதை அகலத்தை 1.57ஆல் பெருக்கினால் கிடைக்கும். அகலப் பாதையில் 2.6 மீட்டர், நம் குறுகிய பாதையில் 1.2 மீட்டர்தான். ஆகவே குறுகிய பாதை மலையின் இடுப்பைச் சுற்றி எளிதில் வளைந்து நெளிந்து போகும். குன்றைக் குடையவும் வேண்டாம், பள்ளத்தை அதிகம் தூர்க்கவும் வேண்டாம்.

சரிவுக்கு அஞ்சும் இயந்திரம்

தட்டையான தண்டவாளத்தில் ஒரு டன்னுக்கு 20 நியூட்டன் போதும் என்றோம். பாதை 100 மீட்டருக்கு 1 மீட்டர் ஏறினால் என்ன ஆகும்? எடையில் நூறில் ஒரு பங்கு, 98 நியூட்டன் கூடுதலாக வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஓர் ஏற்றம், இழுவிசையை ஆறு மடங்காக்கிவிட்டது! தண்டவாளம் வழவழப்பாக இருப்பதன் விலை இது. உராய்வு குறைந்த இடத்தில் புவியீர்ப்பே பெரிய எதிரி. போதாக்குறைக்கு, மழை நனைந்த தண்டவாளத்தில் எஞ்சின் சக்கரமே வழுக்கும். நீலகிரி இரயில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏற, நடுவில் பற்சட்டமும் எஞ்சினில் பற்சக்கரமும் வேண்டியிருப்பது இதனால்தான். அங்கே ஏற்றம் சில இடங்களில் பன்னிரண்டரைக்கு ஒன்று.

ஆகவே பொறியாளர் செய்வது இதுதான்: மேட்டை வெட்டு, பள்ளத்தை நிரப்பு, குன்றைச் சுற்று, என்ன செய்தாவது ஏற்றத்தை நீட்டிப் பரப்பு. அவர் எஞ்சினுக்காகச் செய்தார். பலன் சைக்கிளுக்கும் உண்டு. எப்படி என்று அக்கா, மாமாவைக் கேட்போம்.

மாமாவின் எடை, சைக்கிள், மூட்டை எல்லாம் சேர்த்து 85 கிலோகிராம். கீழ்நோக்கிய விசை 833 நியூட்டன். தார்ச்சாலையில் சாதாரண சைக்கிள் டயரின் உருளல் தடை, எடையில் ஆயிரத்தில் எட்டுப் பங்கு என்று கொள்வோம், 6.7 நியூட்டன். காற்றுத்தடை வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. நிமிர்ந்து உட்கார்ந்து மணிக்கு 15 கிலோமீட்டர் போனால் சுமார் 5.5 நியூட்டன். நல்ல உடல்நலமுள்ள ஒருவர் நாள் முழுதும் களைக்காமல் தரக்கூடிய திறன் 75 வாட் அளவுதான். ஒரு பழைய குண்டு பல்பை எரிக்கத்தான் காணும்! மனிதன் அவ்வளவு பெரிய எஞ்சின் அல்ல.

இந்த 75 வாட்டில் மாமா சமதரையில் மணிக்கு 18 கிலோமீட்டர் போவார். நூற்றுக்கு ஒன்று ஏறும் இரயில் சரிவில் 13.7 கிலோமீட்டர். நாற்பதுக்கு ஒன்றில் சுமார் 9 கிலோமீட்டர். பதினைந்துக்கு ஒன்று ஏறும் சாலை மேட்டில்? மணிக்கு 4 கிலோமீட்டர் சொச்சம். அந்த வேகத்தில் சைக்கிள் நிமிர்ந்து நிற்காது. இறங்கித் தள்ள வேண்டியதுதான்.

பற்சக்கரக் கணக்கு இதைத் தெளிவாக்கும். நம் ஊர்ச் சைக்கிளில் கியர் கிடையாது. முன் பற்சக்கரத்தில் 48 பல், பின்னால் 18 பல் என்றால், மிதி ஒரு சுற்றுச் சுற்றும்போது பின்சக்கரம் 2.67 சுற்று; வண்டி ஏறத்தாழ 5.9 மீட்டர் ஓடும். மிதியோ 17 செ.மீ. ஆரமுள்ள வட்டத்தில் 1.07 மீட்டர்தான் நகர்ந்தது. நெம்புகோல் தத்துவப்படி, சாலையில் வேண்டிய விசையின் ஐந்தரை மடங்கைக் கால் தரவேண்டும். சமதரையில் 12 நியூட்டனுக்குக் காலில் 67 நியூட்டன்; ஏழு கிலோ எடை தூக்குவதுபோல. பதினைந்துக்கு ஒன்று மேட்டில் சராசரியே 340 நியூட்டனுக்கு மேல். மிதி மேலும் கீழும் இருக்கும் கணங்களில் கால் சும்மா இருப்பதால், நடுவில் அழுத்த வேண்டிய விசை ஏறக்குறைய ஆளின் முழு எடை. மேட்டில் நீங்கள் இருக்கையைவிட்டு எழுந்து மிதியின்மேல் நிற்பது ஏன் என்று இப்போது புரிகிறதா? (உங்கள் சைக்கிளின் பற்களை எண்ணிப் பாருங்கள். பதினொன்றாம் வகுப்பில் அரசு தரும் சைக்கிளாக இருந்தாலும் கணக்கு இதேதான்.)

அக்காவின் திறன் 60 வாட் என்று வைப்போம். மாமாவுக்கு ஈடுகொடுக்க முடியாது என்று எண்ணுகிறீர்களா? மூட்டையில் பெரும்பகுதி மாமாவின் கேரியரில் இருப்பதால் அக்கா சைக்கிளோடு சேர்த்து 70 கிலோ. கணக்குப் போட்டால் சமதரையில் மணிக்கு 17.5, நூற்றுக்கு ஒன்று ஏற்றத்தில் 13.2 கிலோமீட்டர். மாமாவுக்கும் அவருக்கும் அரைக் கிலோமீட்டர் வேறுபாடு! மேட்டில் போட்டி திறனுக்கும் எடைக்கும் உள்ள விகிதத்தில்தான். வெறும் பலத்தில் அல்ல. ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிப் போனால் பின்னவருக்குக் காற்றுத்தடை குறையும் என்பது உண்மை. பந்தயக்காரர்கள் அதனால்தான் கொத்தாகப் போகிறார்கள். நம் இருவர் வேகத்தில் மிச்சமாவது எட்டில் ஒரு பங்கு வேலைதான். லாரி இல்லாத தடத்தில் பக்கத்தில் பக்கத்தில் பேசிக்கொண்டே போகலாம், நட்டம் சொற்பம். எதிர்க்காற்று அடித்தால் மட்டும் கதை வேறு. மணிக்கு 10 கிலோமீட்டர் காற்று எதிரே வந்தால் 15க்குப் பதில் 25 கிலோமீட்டர் காற்றைக் கிழிக்க வேண்டும், தடை 2.8 மடங்கு. ஆடி மாதத்தில் மேற்கே பயணம் வைக்காதீர்கள்.

இப்போது ராகி

மாமா 90 கிலோமீட்டரும் சீராக ஏறும் ஒரு தடத்தில் 75 வாட்டில் மிதித்தால் மணிக்குச் சுமார் 16 கிலோமீட்டர் வேகம். ஐந்தரை மணிநேரத்துக்குச் சற்று மேல். செய்த வேலை மொத்தம் 15 இலட்சம் ஜூல். இதில் உருளல் தடைக்கு 6 இலட்சம். காற்றுக்கு 5 இலட்சத்து 75 ஆயிரம். 400 மீட்டர் உயரம் ஏறியதற்கு? 3 இலட்சத்து 33 ஆயிரம்தான். நாம் மலைத்த மலை கடைசி இடத்தில் நிற்கிறது!

நம் தசைகள் உணவாற்றலில் கால் பங்கையே வேலையாக மாற்றுகின்றன. எனவே 60 இலட்சம் ஜூல் உணவு வேண்டும். அதாவது 1,440 கிலோகலோரி. நூறு கிராம் ராகி மாவு சுமார் 320 கிலோகலோரி தரும். ஆக, 450 கிராம் மாவு. வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் இது. இதில் மலையேறிய பங்கு வெறும் 100 கிராம்!

மீதி முக்கால் பங்கு எங்கே போயிற்று? வெப்பம். 45 இலட்சம் ஜூல் வெப்பத்தை உடல் வெளியேற்றியாக வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை ஆவியாக 24 இலட்சம் ஜூல் எடுத்துக்கொள்ளும். வெப்பம் முழுவதும் வியர்வை வழியே போவதானால் ஏறத்தாழ இரண்டு லிட்டர். இது ஆவியாகிற வியர்வைக்கு மட்டும். சொட்டி விழுவது குளிர்விக்காது. ஆகவே தண்ணீர் இதற்கு மேலும் வேண்டும், உப்பும் வேண்டும். மோரில் உப்புப் போட்டுக் குடிக்கும் பழக்கத்தை யார் கண்டுபிடித்தாரோ, நல்ல உடலியல் அறிஞர்.

அதே 400 மீட்டரை ஏறி இறங்கி ஏறும் சாலையில் வந்தால் என்ன? இறக்கத்தில் கொடுத்தது திரும்பி வராதா? வராது. நூற்றுக்கு ஒன்று சரிவில் மிதிக்காமல் விட்டால் சைக்கிள் மணிக்கு 8 கிலோமீட்டரில் அமைதியாக உருளும். பதினைந்துக்கு ஒன்று சரிவில் விட்டால் வேகம் 45 கிலோமீட்டரைத் தொடும். அப்போது காற்றுத்தடை, சாதாரண வேகத்தில் இருப்பதைப்போல் ஏழெட்டு மடங்கு. மேட்டில் மூச்சுவாங்கச் சேர்த்த நிலையாற்றலைக் காற்று கொள்ளையடித்துவிடும். பிரேக் பிடித்தால் பிரேக் கட்டை கொள்ளையடிக்கும். மழையில் நனைந்த பிரேக் கட்டை கொள்ளையும் அடிக்காது, நிறுத்தவும் செய்யாது; அது இன்னும் ஆபத்து.

நாற்பது பஞ்சர்

தம்பதியாகச் சைக்கிளில் நெடுந்தூரம் போவது புதுமை என்று நினைத்தால், 1897க்குப் போக வேண்டும். அமெரிக்காவைச் சேர்ந்த ஃபேனி புல்லக் வொர்க்மன் என்ற அம்மையாரும் அவர் கணவர் வில்லியம் ஹண்டர் வொர்க்மன் என்ற மருத்துவரும் அந்த ஆண்டு நவம்பரில் நம் பக்கம் புறப்பட்டனர். அம்மையாருக்கு 38 வயது, கணவருக்கு 50. இந்தியா, இலங்கை, பர்மா, ஜாவா என்று இரண்டரை ஆண்டுகளில் 14,000 மைல் சுற்றினர். இந்தியாவின் தென்முனையிலிருந்து இமயமலை வரை சுமார் 4,000 மைல் சைக்கிளில். கையில் தேயிலை, சர்க்கரை, பிஸ்கோத்து, தண்ணீர், ஆளுக்கொரு போர்வை, மருந்து, பஞ்சர் ஒட்டும் சாமான். ஒரே நாளில் நாற்பது பஞ்சர்வரை ஒட்டியிருக்கிறார்கள்! டன்லப் காற்றடைத்த டயரைப் பதிவு செய்தது 1888இல். பத்து வயதுகூட நிரம்பாத அந்தக் கண்டுபிடிப்புக்கு நம் முட்கள் கடினமான தேர்வு வைத்தன.

இவர்கள் வழியைத் தேர்ந்த விதம்தான் நமக்கு முக்கியம். உணவும் தண்ணீரும் கிடைக்கும் என்பதால் முக்கிய இரயில் பாதைகளை ஒட்டியே மிதித்தனர். தங்க இடம் இல்லாத இரவுகளில் இரயில் நிலையக் காத்திருப்பு அறைகளில் படுத்தனர். சரிவு மென்மையாக இருக்கும் என்பதும் அவர்களுக்குக் கிடைத்த உபரி இலாபம் என்று நான் நினைக்கிறேன். ஃபேனி அம்மையார் பின்னர் மலையேறப் புறப்பட்டு, 1906இல் இமயத்தின் பின்னக்கிள் சிகரத்தில் ஏறி, பெண்கள் எட்டிய உயரத்தில் சாதனை படைத்தார். சைக்கிள் கால்கள் வீண்போகவில்லை.

ஓசூர்ப் பாதை என்ன ஆயிற்று? இரண்டாம் உலகப்போரின்போது, 1941இல் மூடப்பட்டது. தண்டவாளங்கள் போர்த் தேவைக்காகப் பெயர்த்தெடுக்கப்பட்டன. கிருஷ்ணகிரிப் பாதைக்கும் அதே கதி. பஞ்சத்துக்காக வந்த பாதை போருக்காகப் போயிற்று. பின்னர் 1960களில் சேலம்–பெங்களூர் மீட்டர் பாதை தருமபுரி, ஓசூர் வழியாக வந்து, 1990களில் அகலப் பாதையாயிற்று. கிருஷ்ணகிரிக்கு இரயில் திரும்பவில்லை. தருமபுரி–மொரப்பூர் பாதை வேண்டும் என்பது அம்மாவட்டத்தாரின் நெடுநாள் கோரிக்கை.

தண்டவாளத்தைப் பெயர்க்கலாம், வெட்டிய மேட்டையும் கொட்டிய கரையையும் யார் பெயர்ப்பார்? அவை வயலாகி, வீடாகி, சாலையாகி மறையும்வரை அங்கேயே கிடக்கும். வேறு நாடுகளில் இதை முன்கூட்டியே யோசித்தார்கள். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் எல்ராய்–ஸ்பார்ட்டா பாதையில் இரயில் நின்றபின், 1967இல் அது சைக்கிள் தடமாயிற்று. சுமார் 50 கிலோமீட்டர், மூன்று சுரங்கங்கள். பட்டப்பகலிலும் கைவிளக்கு வேண்டும். நியூசிலாந்தின் ஒட்டாகோவில் 1990இல் மூடிய பாதை 2000இல் 150 கிலோமீட்டர் தடமாகத் திறந்தது. தாத்தா பாட்டிகளும் அதில் மிதிக்கிறார்கள். ஸ்பெயின் நாட்டில் 1993 முதல் 'பசுமை வழிகள்' என்ற பெயரில் இப்படிப் பல. நம்மிடம் அந்தப் பாதைகளின் சரிவுகள் இருந்தன. தடமாக்க வேண்டும் என்று எவரும் நினைக்குமுன் பெரும்பகுதி கைநழுவிவிட்டது. லாரிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் பெயர்பெற்ற ஓசூரில், பள்ளிக்கு மிதித்துப் போகும் பிள்ளைகள் அந்த லாரிகளுக்கு நடுவேதான் போகிறார்கள். பாதுகாப்பான மென்சரிவுத் தடம் ஒன்று அவர்களுக்குக் கிடைத்திருக்கலாம் என்பதே என் வருத்தம்.

ஒரு கண்டிப்பு. இரயில் ஓடும் பாதையில் சைக்கிளோடு இறங்கக் கூடாது. 1989ஆம் ஆண்டு இரயில்வே சட்டப்படி அது குற்றம், உயிருக்கும் ஆபத்து. அக்காவும் மாமாவும் வருவது சாலை வழியே. அவ்வழிதான் இன்று உண்டு.

நீங்களே அளந்து பாருங்கள்

நான் எடுத்துக்கொண்ட 'ஆயிரத்தில் எட்டு' சரிதானா? சமமான, வண்டி வராத இடத்தில், பள்ளி மைதானத்தில் சிமெண்டுத் தரை இருந்தால் நல்லது, 10 மீட்டர் இடைவெளியில் இரு கோடுகள் போடுங்கள். அந்தப் பத்து மீட்டரைச் சரியாக 5 விநாடியில் கடக்கும்படி மிதித்து வாருங்கள். வேகம் விநாடிக்கு 2 மீட்டர். இரண்டாவது கோட்டில் மிதிப்பதை நிறுத்திவிட்டு, வண்டி தானாக நிற்கும்வரை போகும் தூரத்தை நண்பனை அளக்கச் சொல்லுங்கள். வேகத்தின் இருமடியை, தூரத்தை 19.6ஆல் பெருக்கி வரும் எண்ணால் வகுத்தால் உங்கள் சைக்கிளின் உருளல் எண் வந்துவிடும். 25 மீட்டர் போனால் 0.008. எதிர்த்திசையிலும் ஒருமுறை செய்து சராசரி எடுங்கள். கண்ணுக்குத் தெரியாத சரிவு ஏமாற்றாது. பிறகு மண்தரையில் செய்யுங்கள். தூரம் பாதியானால் உங்கள் ராகிக் கணக்கில் அந்த 6 இலட்சம் ஜூல் 12 இலட்சமாகும்.

டயரில் காற்றைக் குறைத்தும் பாருங்கள். காற்றின் அழுத்தத்தை அளக்கக் கருவி வேண்டாம். பின்சக்கரத்தை ஈரமாக்கி, செய்தித்தாள்மேல் வைத்து, ஒருவர் ஏறி அமருங்கள். ஈர அச்சைச் சதுரத் தாளில் படியெடுத்து எண்ணினால் பரப்பு தெரியும். பின்சக்கரம் தாங்கும் எடையை அந்தப் பரப்பால் வகுத்தால் அழுத்தம். 500 நியூட்டனுக்கு 20 சதுர சென்டிமீட்டர் அச்சு என்றால், வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. டயரின் சுவர் தாங்கும் பங்கு சிறிது; அதை விட்டுவிடலாம். அச்சு 30 சதுர சென்டிமீட்டரைத் தாண்டினால் பம்பை எடுத்து அடியுங்கள். அதற்குப்பின் அதே 10 மீட்டர் சோதனையைச் செய்து, வண்டி கூடுதலாக எத்தனை மீட்டர் ஓடிற்று என்று குறித்துக்கொள்ளுங்கள்.